கம்பெனி ரகசியம் என்கிறார்கள். தம்பி எப்படி இறந்தான் என்று கேட்கக் கூடாதா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், கம்பெனி என்று அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 27 வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். சிங்கப்பூரில் சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் டெக்னீஷியன் வேலை, மாதச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் டாலர். அப்பா இல்லை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். தம்பியை அனுப்ப முந்திரித் தோப்பை அடமானம் வைத்து ஏஜென்ட்டுக்கு 4 லட்சம் கட்டியிருக்கிறார்கள். 2026 ஜனவரியில் இரவு ஷிஃப்டில் அவர் இறந்துபோனார். இயந்திரங்களுக்குப் பின்னால் கேஸ் குழாய்கள் போகும் இடத்தில் விழுந்து கிடந்தாராம். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் 'இதயத் துடிப்பு நின்றதால் மரணம்' என்று இருக்கிறது. ஒரு வாரத்தில் உடல் சென்னை விமான நிலையத்துக்கு வந்தது, அன்றைக்கே தகனமும் செய்துவிட்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் ஏஜென்ட் வீட்டுக்கு வந்திருக்கிறார். கையில் ஆங்கிலத்தில் நான்கு பக்கப் பத்திரம். 25,000 டாலர் கருணைத்தொகை தருகிறார்களாம், அம்மா கையெழுத்துப் போட்டால் போதுமாம், விஷயத்தை வெளியே பேசக் கூடாதாம். 'உங்கள் தம்பியே வேலைக்குச் சேரும்போது ரகசியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேள்வி கேட்டால் உங்கள் மேல்தான் கேஸ் வரும்' என்றும் சொல்லியிருக்கிறார். தம்பியோடு வேலை பார்த்த தஞ்சாவூர்ப் பையன் ஒருமுறை போனில், 'ரெண்டு பேர் விழுந்தாங்கக்கா, ஒருத்தர் பிழைச்சிட்டார்' என்று சொன்னவர், அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு தம்பி அனுப்பிய ஒரு வாட்ஸ்ஆப் குரல் செய்தியில், 'உள்ள ஒரு அலாரம் சும்மா சும்மா கத்துது, ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க' என்று ஒரு வரி வருகிறது.

சகோதரி கேட்பது நான்கு. கையெழுத்துப் போடலாமா? ரகசியப் பத்திரம் இருக்கும்போது கேள்வி கேட்க முடியுமா? உடலை எரித்துவிட்டோமே, இனி கேஸ் நிற்குமா? கடலூரில் போலீஸில் புகார் கொடுத்தால் அந்தக் கம்பெனிக்காரர்களைப் பிடிப்பார்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பத்திரத்தில் அம்மா கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டாம். ஏஜென்ட் மறுபடி வந்தால் 'வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம்' என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், கோபம் வேண்டாம், வாசலில் உட்கார வைத்து மோர் கொடுத்தே அனுப்புங்கள்.

நான் கடலூரில் இருபது வருடத்துக்கு மேல் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் பார்ப்பவன். சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நான் ஆஜராக முடியாது. அங்கே உரிமம் உள்ள வழக்கறிஞர்தான் போக வேண்டும். ஆனால் இங்கிருந்து என்ன செய்ய வேண்டும், எதைச் செய்தால் அங்கே கேஸ் கெடும் என்பது தெரியும்.

அந்த நான்கு பக்கத்தில் இருப்பது

நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன். பேசக் கூடாது என்கிற மூன்றாம் பக்கத்தைத்தான் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கண்ணில் முள்ளாகக் குத்தியது இரண்டாம் பக்கத்தில் நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு வரி: 'இறந்தவருக்கு முன்பே இதயக் கோளாறு இருந்ததைக் குடும்பத்தார் அறிவார்கள்.' உங்கள் தம்பிக்கு அப்படி ஏதாவது இருந்ததா? எஸ் பாஸ் கிடைத்தபோது மருத்துவப் பரிசோதனையில் தேறியவர், கபடி ஆடியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு இந்த வரி எங்கிருந்து வந்தது?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. ஆகவே 'இனி எதுவும் கேட்க மாட்டோம்' என்ற வரியை நாளைக்கு உடைத்துவிடலாம். ஆனால் 'முன்பே நோய் இருந்தது, எங்களுக்குத் தெரியும்' என்பது உரிமையை விடும் வரி இல்லை, சாட்சியம். பெற்ற தாயே சொன்ன சாட்சியம். அதை உடைப்பது கல்லில் நார் உரிப்பது மாதிரி. பணம் கொடுத்து வாயை அடைப்பதைவிட, பணம் கொடுத்து ஒரு வாக்குமூலத்தை வாங்கிக்கொள்வதுதான் இந்தத் தாளின் வேலை என்பது என் கணிப்பு. இதை எழுதியவர் விவரமான ஆள்தான்.

தொகைக்கு வருவோம். 25,000 டாலர் என்பது நம்மூர்க் கணக்கில் பதினேழு, பதினெட்டு லட்சம். அடமானக் கடன், வட்டி, அம்மாவின் வயது எல்லாம் பார்க்கும்போது அது பெரிய பணமாகத் தெரியும். தெரிவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சட்டம் என்ன தருகிறது என்பதையும் பாருங்கள். வேலையால் நேர்ந்த மரணம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால், மாதச் சம்பளத்தை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்குவார்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு அந்த எண் 136. உங்கள் தம்பி கணக்கில் 4,48,800 டாலர் வரும். ஆனால் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்குக் குறைந்தபட்சம் 91,000 டாலர், அதிகபட்சம் 2,69,000 டாலர். ஆக உங்களுக்கு உச்சவரம்புத் தொகைதான். ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்குக் குறையாது. முதலாளி தப்புச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தொகையைக் கொடுப்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிதான்.

இதைப் படித்துவிட்டு உடனே தோப்பை மீட்கக் கணக்குப் போட வேண்டாம். இடையில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. வேலை நேரத்தில் நடந்த விபத்து வேலையால் நடந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், எதிர்ச் சாட்சியம் இல்லாதவரை. ஆனால் நடந்தது விபத்து என்பதை முதலில் காட்டியாக வேண்டும். தூங்கும்போது வரக்கூடிய அதே மாரடைப்பு வேலை செய்யும்போது வந்தது என்று முடிவானால் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். தனக்குத் தானே செய்துகொண்டது என்று முடிவானாலும் அப்படித்தான். ஆகவே 'கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருந்தாராமே' என்று யாராவது ஆதரவாகப் பேச்சுக் கொடுத்தால், ஆமாம் போட்டுவிடாதீர்கள்.

'இதயம் நின்றது' என்பது காரணம் ஆகாது

நீங்கள் கடிதம் முழுக்க 'சர்டிஃபிகேட்டில் ஹார்ட் அட்டாக் என்று போட்டுவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இணைத்திருக்கும் தாள்களைப் பார்த்தேன். ஹார்ட் என்று இருப்பது கம்பெனியின் கடிதத்தில். சிங்கப்பூர் அரசின் இறப்புச் சான்றிதழில், காரணம் இன்னும் உறுதியாகவில்லை, விசாரணையில் இருக்கிறது என்ற பொருளில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே பின்னில் குத்தி அனுப்பியிருக்கிறார்கள், நீங்களும் ஒன்றாகவே படித்துவிட்டீர்கள். உங்கள் கேஸில் இதுவரை எனக்குக் கிடைத்த நல்ல செய்தி இதுதான்.

இதயத் துடிப்பு நிற்காமல் யாரும் சாவதில்லை. தூக்குப் போட்டவருக்கும் நிற்கும், தண்ணீரில் மூழ்கியவருக்கும் நிற்கும். ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. அங்கே இயற்கைக்கு மாறாகவோ காரணம் தெரியாமலோ நேரும் மரணம் 2010-ம் ஆண்டுச் சட்டப்படி கரோனர் என்ற மரண விசாரணை நீதிபதிக்குப் போகும். பிரேதப் பரிசோதனை நடக்கும். தேவைப்பட்டால் திறந்த நீதிமன்றத்தில் விசாரணையும் நடக்கும், குடும்பத்தார் கலந்துகொண்டு கேள்வி கேட்கலாம். சான்றிதழ் இந்த நிலையில் இருப்பதால் கோப்பு இன்னும் மூடவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 'நாங்கள் குடும்பத்தார், பிரேதப் பரிசோதனை அறிக்கையின் சான்றிட்ட நகல் வேண்டும், விசாரணைத் தேதியைத் தெரிவிக்க வேண்டும்' என்று அம்மா பெயரில் உடனே கடிதம் போக வேண்டும். இந்த மாதத்துக்குள்.

எரித்துவிட்டோமே என்கிற குற்ற உணர்ச்சி

இங்கே மறுபடி ஒரு போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் எரித்துவிட்டோம், நானே என் தம்பி கேஸைக் கொன்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி. விமானத்தில் வரும் உடலுக்கு ஃபார்மலின் ஏற்றியிருப்பார்கள். அதற்குப் பிறகு ரத்தத்தில் ரசாயனம் தேடுவது ரொம்பக் கஷ்டம். கடலூர் ஆஸ்பத்திரியில் செய்திருந்தால் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. முதல் பரிசோதனையில் எடுத்த ரத்தமும் திசுவும்தான் பேசும், அவை அங்கே இருக்கின்றன.

இன்னொரு விஷயம். நான் விஞ்ஞானி இல்லை, நீங்கள் சொன்னதை வைத்து ஒரு ஊகம்தான் சொல்கிறேன். கேஸ் குழாய்கள் போகும் இடம், இரண்டு பேர் விழுந்தது, ஆஃப் செய்த அலாரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நைட்ரஜன் ஞாபகம் வருகிறது. சிப் ஆலைகளில் நைட்ரஜன் தண்ணீர் மாதிரி ஓடும். அது விஷம் இல்லை, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். நிறமில்லை, வாசனையில்லை. மூடிய இடத்தில் கசிந்தால் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். நமக்கு மூச்சு முட்டுவது போலத் தோன்ற வைப்பது உடம்பில் சேரும் கரியமில வாயு. நைட்ரஜனில் அது சேராமல் வெளியேறிவிடுவதால் மூச்சுத் திணறலே தெரியாது. ஆக்சிஜன் ரொம்பக் குறைந்த இடத்தில் நாலு மூச்சு இழுப்பதற்குள் ஆள் சரிந்துவிடுவார். என்ன ஆச்சு என்று ஓடிப்போய்த் தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார். நம்மூரில் செப்டிக் டேங்குக்குள் ஒருவர் இறங்கி, அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, இரண்டு பேரையும் பிணமாகத் தூக்குகிறோமே, அந்த மாதிரிதான்.

தென்கொரியாவில் 2015-ல் மட்டும் இப்படி இரண்டு முறை நடந்தது. ஜனவரியில் பாஜூ நகரில் எல்ஜி டிஸ்ப்ளே ஆலையில், ஏப்ரலில் இச்சோனில் எஸ்கே ஹைனிக்ஸின் புதிய ஆலையில். இரண்டிலும் நைட்ரஜன், இரண்டிலும் உயிர்கள் போயின.

இப்படிச் செத்தவரின் உடலில் அதற்கென்று தனி அடையாளம் இருக்காது. மருத்துவர் அறுத்துப் பார்த்தால் நுரையீரல் வீங்கியிருக்கும், இதயம் நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆகவே நாம் தேட வேண்டியது அந்த அறையை. அன்று இரவு ஆக்சிஜன் அளவைக் காட்டும் மீட்டர் என்ன பதிவு செய்தது, அலாரம் எத்தனை மணிக்கு யாரால் அணைக்கப்பட்டது, எந்த வால்வு திறந்திருந்தது, அந்த இடத்துக்குள் போக யார் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள், கேமராவில் என்ன இருக்கிறது. கேமராப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. இதையெல்லாம் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று அங்குள்ள வழக்கறிஞர் ஒரு நோட்டீஸ் விட வேண்டும். அதே பட்டியலைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கும் கரோனர் அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்டால் கம்பெனி இல்லை என்று சொல்ல முடியாது.

நைட்ரஜன் இல்லாமல் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், உண்மையிலேயே மாரடைப்பாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். நீங்கள் எழுதும் எந்தக் கடிதத்திலும் 'கேஸ் கசிந்துதான் செத்தான்' என்று முடிவாக எழுதாதீர்கள். 'தெரிய வேண்டும்' என்று எழுதுங்கள்.

ரகசியப் பத்திரம் யாரைக் கட்டும்?

சிப் ஆலைகளில் ரகசியம் காப்பது உண்மையான விஷயம்தான், வெறும் பூச்சாண்டி இல்லை. போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். எந்த வாடிக்கையாளருக்கு என்ன சிப், எந்த வெப்பத்தில், எந்தக் கலவையில் செய்கிறார்கள் என்பதெல்லாம் கோடிக்கணக்கான பணம். அதை உங்கள் தம்பி வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருப்பார்கள், நியாயமும்கூட.

ஆனால் அந்தக் கையெழுத்து அவருடையது. அது அம்மாவைக் கட்டாது, உங்களையும் கட்டாது. செய்முறை ரகசியமாக இருக்கலாம், செய்முறையில் இருக்கும் ஆபத்து ரகசியம் ஆகாது. ஒரு ரசாயனத்தின் சரியான கலவை விகிதத்தைக்கூட மறைத்துக்கொள்ளலாம். அதை முகர்ந்தால் என்ன ஆகும், கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பாதுகாப்புத் தாளை மறைக்க முடியாது. நீங்கள் சிப்பை எப்படிச் செய்கிறீர்கள் என்றா கேட்கிறீர்கள்? தம்பி விழுந்த அறையில் காற்று இருந்ததா என்று கேட்கிறீர்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் பழைய வழக்கம். 2013 ஜனவரியில் சாம்சங்கின் ஹ்வாசோங் ஆலையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். அரசுக்கு விஷயம் போனது கசிவு தெரிந்து ஒரு நாளுக்கு மேல் கழித்துத்தான். சீனாவில் 2010-ல் ஃபாக்ஸ்கான் ஆலை வளாகங்களில் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து, அந்த ஒரே வருடத்தில் 14 பேர் இறந்தபோது, கம்பெனி கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அதோடு, ஏதாவது நடந்தால் சட்டத்தில் உள்ளதற்கு மேல் குடும்பம் எதுவும் கேட்காது என்று தொழிலாளர்களிடம் கையெழுத்தும் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டு அந்தத் தாளைத் திரும்பப் பெற்றார். வலை எதற்கு, கையெழுத்து எதற்கு என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு வந்த தாளும் புரியும்.

கொரியாவில் ஹ்வாங் சாங்கி என்று ஒரு டாக்சி ஓட்டுநர். மகள் யூமி சாம்சங்கின் கிஹங் சிப் ஆலையில் வேலை பார்த்து, ரத்தப் புற்றுநோய் வந்து 2007-ல் 22 வயதில் இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், அப்பா ஓட்டிய டாக்சியின் பின் இருக்கையிலேயே உயிர் போய்விட்டது. விஷயத்தைப் பெரிதாக்காமல் இருந்தால் பணம் தருவதாகச் சொன்னார்கள் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் வாங்கவில்லை. எந்தெந்த ரசாயனம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தொழில் ரகசியம் என்ற பதில்தான். 2011-ல் சோல் நீதிமன்றம் அது வேலையால் வந்த நோய்தான் என்றது, 2014-ல் மேல்முறையீட்டிலும் நின்றது. 2018 நவம்பரில் கம்பெனி பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டது. நடுவில் 2017-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இன்னொரு தொழிலாளியின் வழக்கில், கம்பெனி தகவல் தர மறுத்ததால்தான் தொழிலாளியால் நிரூபிக்க முடியவில்லை என்றால் அதை அவருக்குச் சாதகமாகவே பார்க்க வேண்டும் என்றது.

கொரியத் தீர்ப்பு சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது. உங்கள் கேஸ் பதினொரு வருடம் இழுக்கும் என்று பயமுறுத்தவும் இதைச் சொல்லவில்லை. அங்கே நோய், இங்கே ஒரே இரவில் நடந்த சம்பவம், ரொம்ப வித்தியாசம். ரகசியம் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் எழுந்து போய்விடாமல் இருந்த ஒரு டாக்சிக்காரரும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறதே. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்கள் இருபது வருடத்துக்கு முன்பே எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து என்ன வாசனை வந்தது, அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். கம்பெனிகள் எதையும் சொல்லாதபோது அந்த நோட்டுதான் பேசியது. நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தம்பி எப்போது போன் செய்தார், என்ன சொன்னார், ஏஜென்ட் எந்தத் தேதி வந்தார், என்ன வார்த்தை சொன்னார் எல்லாவற்றையும் ஞாபகம் இருக்கும்போதே தேதி போட்டு எழுதிவிடுங்கள்.

காலக்கெடுவும் காகிதங்களும்

இழப்பீட்டுச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். 2027 ஜனவரி ரொம்பத் தூரம் மாதிரி இருக்கும், இல்லை. பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகக் கம்பெனி மேல் சிவில் வழக்குப் போடுவதற்கு மூன்று வருடம் உண்டு; அதில் உச்சவரம்பு கிடையாது, ஆனால் கம்பெனியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதை என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு அங்குள்ள வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். 27 வயது, கல்யாணம் ஆகாதவர், அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டவர் என்ற நிலையில் முதல் வழியே நல்லதாகப் படுகிறது எனக்கு.

ஒரு விஷயத்தைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் வாரிசுச் சட்டப்படி, கல்யாணமாகாத மகனுக்கு முதல் வாரிசு அம்மா. அம்மா இருக்கும்போது அக்கா வாரிசு ஆகமாட்டார். ஆகவே எல்லாக் கடிதமும் அம்மா பெயரில் போகட்டும், நீங்கள் அதிகாரம் பெற்றவராக நில்லுங்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் இ-சேவையில் விண்ணப்பியுங்கள். அம்மா உங்களுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை நோட்டரியிடம் சான்று பெற்று, வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை வாங்க வேண்டும். அதற்கு முன்பு தம்பி பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். இதனால் ஆறு மாதம் தள்ளிப்போன கேஸை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியுறவுத் துறையின் மதத் (MADAD) என்ற புகார் இணையதளத்தில் ஒரு புகார் பதியுங்கள், அது சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகும். தூதரகம் விசாரணை நடத்தாது, ஆனால் கடிதங்களை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு மனுவும் கொடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இறந்தால் 10 லட்சம் இன்சூரன்ஸ் வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குப் போகிறவர்களுக்கான திட்டம். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அங்கே வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். டிடபிள்யூசி2, ஹோம் என்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகள் அங்கே இருக்கின்றன, முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். 'வரும் தொகையில் இருபது பர்சென்ட் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வழக்கில் பங்கு பேசி ஃபீஸ் வாங்குவது இங்கேயும் வழக்கறிஞர்களுக்குக் கூடாது, அங்கேயும் கூடாது. அப்படிப் பேசுகிறவர் வக்கீல் இல்லை, தரகர்.

போலீஸ், ஃபேஸ்புக், தஞ்சாவூர்ப் பையன்

சிங்கப்பூரில் நடந்ததற்கு அங்குள்ள கம்பெனிக்காரரைக் கடலூர் போலீஸ் பிடிக்க முடியாது. ஏஜென்ட் விஷயம் வேறு. அவர் இங்கே இருக்கிறார், உங்களிடம் 4 லட்சம் வாங்கியிருக்கிறார், மிரட்டும் தொனியில் பேசியிருக்கிறார். பணம் கொடுத்த ரசீது இல்லை என்கிறீர்கள், பரவாயில்லை, அடமானப் பத்திரத்தின் தேதியும் வங்கியில் எடுத்த தேதியும் போதும் ஒரு தொடக்கத்துக்கு. ஆனால் இப்போது அவர் மேல் புகார் கொடுக்க வேண்டாம். அவர் மூலமாகத்தான் கம்பெனி உங்களிடம் பேசுகிறது. அவர் கொண்டுவரும் ஒவ்வொரு தாளும் நமக்குச் சாட்சியம். கரோனர் அலுவலகத்திலிருந்து பதில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

கம்பெனி பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதட்டுமா, அவர்களிடம் சிப் வாங்கும் பெரிய போன் கம்பெனியின் பெயரையும் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் நிரூபிக்காத ஒன்றை எழுதினால் அவதூறு என்று அவர்கள் கையில் ஒரு ஆயுதத்தைக் கொடுத்தது போல ஆகிவிடும். அமைச்சுக்கும் கரோனருக்கும் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்.

அந்தத் தஞ்சாவூர்ப் பையனைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அவருடைய வேலை அனுமதி அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டும், அவர் வீட்டிலும் ஒரு அடமானம் இருக்கும். அவர் பெயரை விசாரணை அதிகாரிக்கு மட்டும் கொடுங்கள். அதிகாரி கூப்பிட்டுக் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அது அவருக்கும் ஒரு பாதுகாப்பு. பிழைத்த அந்த இரண்டாவது ஆள் யார், எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மாரடைப்பு வந்ததா என்ற கேள்வியை விசாரிப்பவர் தானாகவே கேட்பார்.

அம்மா தினமும் வேலைக்குப் போய்விடுகிறார், பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும், தடுக்காதீர்கள். கை ஓடிக்கொண்டிருப்பது சிலருக்கு நல்லது. சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இதை எழுதி முடித்த பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி புரட்டியபோது கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. தம்பியின் போன் பேட்டர்ன் தெரியாததால், லாக் எடுத்துத் தரச் சொல்லி பண்ருட்டியில் ஒரு மொபைல் கடையில் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லாக் எடுக்கிறேன் என்று அவர்கள் ரீசெட் அடித்துவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். இதைப் படித்த உடனே கடைக்குப் போய், எந்த நிலையில் இருந்தாலும் போனை அப்படியே வாங்கி, அணைத்து, ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி பீரோவில் வையுங்கள். குரல் செய்தி இருக்கும் உங்கள் சொந்தப் போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.